காதலால் வீழும் நாயகன்: துன்பியல் நாடகத்தைப் படித்து எழுதும் முறை

துன்பியல் நாடகம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுத அமரும் மாணவர்களில் பலர் முதல் பத்தியிலேயே தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள். "நாயகனின் குறை, அவன் அளவு கடந்து காதலித்ததே" என்ற வாக்கியத்தை நான் திருத்திய தாள்களில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அது பொய் அன்று. ஆனால் அதை எழுதிய பிறகு சொல்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எந்த அளவு, யார் வகுத்த அளவு, எந்தக் காட்சியில் அது கடக்கப்பட்டது என்ற கேள்விகளை அந்த வாக்கியம் கேட்பதே இல்லை. காதல் ஒரு நாயகனை எவ்வாறு வீழ்த்துகிறது என்பதை நாடகத்தின் உள்ளிருந்தே எடுத்துக்காட்டும் வழியை இங்கே சொல்ல முயல்கிறேன். எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வையே கொள்கிறேன். 1604 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் அரசவையில் நடிக்கப்பட்டதாகப் பதிவுள்ள இந்த நாடகத்தைப் போல் இப்பொருளுக்குப் பொருந்தும் பாடம் வேறில்லை என்பது என் துணிபு.

கதையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். வெனிஸ் அரசின் படைத்தலைவனான ஒதெல்லோ அந்த ஊரான் அல்லன். மூர் இனத்தவன், கறுத்த நிறத்தவன், இளமை கடந்தவன். ஆட்சிமன்ற உறுப்பினர் பிரபான்சியோவின் மகள் டெஸ்டிமோனா, தந்தைக்குத் தெரியாமல் அவனை மணக்கிறாள். தனக்குக் கிடைக்க வேண்டிய துணைத்தளபதி பதவி காசியோவுக்குப் போய்விட்டதே என்று புழுங்கும் இயாகோ, டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் கள்ள உறவு இருப்பதாக ஒதெல்லோவை நம்பவைக்கிறான். சைப்ரஸ் தீவில் ஒதெல்லோ தன் மனைவியைப் படுக்கையிலேயே கொல்கிறான்; உண்மை தெரிந்ததும் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான்.

குணத்தை விட்டுச் செயலைப் பிடியுங்கள்

அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலின் 13ஆம் இயலில், துன்பியலுக்கு உரிய நாயகன் அறத்தில் ஒப்பற்றவனும் அல்லன், தீயவனும் அல்லன் என்றும், அவனுடைய வீழ்ச்சி தீய ஒழுக்கத்தால் அன்றி 'ஹமார்த்தியா' ஒன்றினால் நிகழ்கிறது என்றும் கூறுகிறார். இந்தச் சொல்லை நாம் 'குறை' என்று பெயர்த்துப் பழகிவிட்டோம். குறை என்றதும் அது ஒருவனுக்குள் பிறவியிலிருந்தே படிந்து கிடக்கும் கறை போல நம் மனத்தில் நின்றுவிடுகிறது. கிரேக்க மொழியிலோ அது, எய்த அம்பு இலக்கில் படாமல் போவதைக் குறிக்கும் வினையோடு உறவுடைய சொல். தமிழில் 'குறி தவறுதல்' என்று அதற்கு நேரான வழக்கே இருக்கிறது. குறி தவற வேண்டுமானால் ஒருவன் வில்லை எடுத்திருக்க வேண்டும், எதையோ நோக்கியிருக்க வேண்டும், நாணை விட்டிருக்க வேண்டும்.

ஆகவே கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும்போது "அவனிடம் காதல் என்னும் குறை இருந்தது" என்று எழுதாதீர்கள். "காதலை முன்னிட்டு அவன் இந்த இடத்தில் இதைச் செய்தான், அவன் நாடியது இது, விளைந்தது அது" என்று எழுதுங்கள். இப்படி ஒரு வாக்கியத்தை எழுத முடியவில்லையானால், அந்த நாடகத்தில் காதல் நாயகனின் பிழையாக இயங்கவில்லை என்றே கொள்ளலாம்.

நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கைச் சொல்கிறது. இழிவுபடுதல், இழத்தல், முன்னிருந்த நிலையினின்று தாழ்தல், இல்லாமை ஆகிய நான்கும் ஒருவர்மீது வந்து விழுபவை. ஒருவன் தன் கையாலேயே, அதுவும் தான் மிக உயர்வாகக் கருதிய ஒன்றின் பெயரால், தனக்குக் கேடு செய்துகொள்வதைப் பார்த்து எழும் துயரம் அவற்றுள் எதிலும் முழுமையாக அடங்குவதில்லை. இத்தகைய நாடகத்தில் இரக்கத்தோடு "ஐயோ, இதைச் செய்யாதே" என்ற பதைப்பும் சேர்கிறது. கட்டுரை விளக்க வேண்டியது அந்தப் பதைப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

விபத்தை நீக்கிப் பார்க்கும் சோதனை

காதலர் இறக்கும் நாடகம் எல்லாவற்றிலும் காதலே பிழையாவதில்லை. இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு: காதலை அப்படியே வைத்துக்கொண்டு, நாடகத்தில் நேரும் தற்செயல்களை மட்டும் நீக்கிப் பாருங்கள். 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் ஜூலியட் இறக்கவில்லை என்ற செய்தியைச் சொல்லும் கடிதம் ரோமியோவின் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. அதைக் கொண்டுசென்ற துறவி, கொள்ளைநோய் கண்ட வீட்டில் இருந்தவர் என்ற ஐயத்தால் அடைத்துவைக்கப்படுகிறார். அந்தக் கடிதம் சேர்ந்திருந்தால், அதே காதலோடு, அதே அளவோடு, இருவரும் உயிர் வாழ்ந்திருப்பார்கள். அங்கே அவசரத்தைக் குறை கூறலாம், இரு குடும்பங்களின் பகையைக் குறை கூறலாம். காதலைக் குறை கூற இடமில்லை.

ஒதெல்லோவுக்கு இதே சோதனையைச் செய்யுங்கள். டெஸ்டிமோனாவுக்கு அவன் கொடுத்திருந்த, பின்னர் இயாகோ கள்ள உறவுக்குச் சான்றாகக் காட்டும் கைக்குட்டை தவறி விழாமல் இருந்திருந்தால் அவன் தப்பியிருப்பானா? பலர் ஆம் என்கிறார்கள். ஆனால் மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை வரிசை பிசகாமல் படித்தால் வேறு விடை கிடைக்கிறது. கைக்குட்டையைப் பற்றி இயாகோ வாய் திறப்பதற்கு முன்னரே ஒதெல்லோ மனைவியை இழந்துவிட்டதாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாயிற்று. அமைதியான மனத்துக்கும் போர்க்களத்துக்கும் விடைகொடுத்து முடித்தாயிற்று. சான்று வருவதற்கு முன்பே அவன் சரிந்துவிட்டான். சரிந்தபின் வந்த சான்று கைக்குட்டை. எனவே விபத்து இந்த வீழ்ச்சிக்கு வேர் அன்று, வேர் அவன் காதலித்த முறையிலேயே இருக்கிறது என்று துணிந்து எழுதலாம்.

காதல் எதன்மேல் நிற்கிறது என்று தேடுங்கள்

அடுத்து, காதல் பிறந்த விதத்தை நாயகன் தன் வாயால் சொல்லும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏறத்தாழ எல்லா நல்ல நாடகங்களிலும் அப்படி ஓர் இடம் இருக்கும், அது பெரும்பாலும் முதல் அங்கத்திலேயே இருக்கும். வெனிஸ் ஆட்சிமன்றத்தின் முன் நின்று ஒதெல்லோ விளக்கம் சொல்கிறான்: பிரபான்சியோவின் வீட்டில் அவன் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்வான், டெஸ்டிமோனா வீட்டு வேலைகளை விரைவாக முடித்துவிட்டு வந்து ஆவலோடு கேட்பாள். நான் கடந்துவந்த ஆபத்துகளுக்காக அவள் என்னை நேசித்தாள், அவற்றுக்காக அவள் இரங்கியதால் நான் அவளை நேசித்தேன் என்று முடிக்கிறான். அவையோர் மனம் நெகிழ்கிறார்கள், நாமும் நெகிழ்கிறோம். நெகிழ்ந்தபின், அந்தக் கூற்றின் இரண்டாம் பாதியை மறுபடி படியுங்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவள் அவனைப் பார்த்த பார்வையை அவன் நேசித்தான். ஊரில்லாமல், உறவில்லாமல், ஏழு வயதிலிருந்தே பாசறையில் வாழ்ந்த ஒருவனுக்கு, அவனுடைய வாழ்க்கை பொருளுடையது என்று முதன்முதலாகக் காட்டிய கண்ணாடி அவள்.

இதை அவனுக்கு எதிரான குற்றச்சாட்டாக நான் சொல்லவில்லை. காதல் பல நேரங்களில் இப்படித்தான் பிறக்கிறது. அதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் ஒருவன் தன் முழு உயிர்ப்பாரத்தையும் ஒரே தூணில் இறக்கிவைத்தால், பகைவன் அவனோடு மோதவே வேண்டியதில்லை, அந்தத் தூணைச் சற்று அசைத்தால் போதும். இயாகோவுக்கு இது தெரியும். ஒதெல்லோ நிலையான, அன்புள்ள, உயர்ந்த இயல்புடையவன் என்று இயாகோவே இரண்டாம் அங்கத்தில் தனிமொழியாகச் சொல்கிறான். பகைவன் தனியே நின்று சொல்லும் புகழ்ச்சி மிக வலுவான சான்று. அதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். காதலையே பிழையாக்கும் நாடகத்தில் அந்தக் காதல் உண்மையானது என்பது முதலில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்க வேண்டும்; போலிக் காதலால் வீழ்பவனுக்காக நாம் இரங்க மாட்டோம்.

சத்தியங்களையும் அதே போல் குறித்துக்கொள்ளுங்கள். தன்னை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றக்கூடும் என்று பிரபான்சியோ எச்சரிக்கும்போது, அவளுடைய நம்பகத்தின்மேல் என் உயிரையே வைக்கிறேன் என்று ஒதெல்லோ பதில் சொல்கிறான். வாழ்க்கையில் இத்தகைய பேச்சு காற்றோடு போய்விடும். மேடையிலோ சத்தியம் என்பது கடன்பத்திரம். கடைசி அங்கத்துக்குள் அது வட்டியோடு வசூலிக்கப்படும். தந்தையின் அந்த எச்சரிக்கையை இயாகோ மூன்றாம் அங்கத்தில் அப்படியே எடுத்து ஒதெல்லோவின் காதில் போடுகிறான். ஒரே வாக்கியம் இருவேறு வாய்களில் வரும் இத்தகைய இடங்களே கட்டுரைக்குச் சதையும் எலும்பும் தருபவை.

திரும்பும் காட்சியை மெதுவாகப் படியுங்கள்

நாடகம் முழுவதற்கும் ஒரே அளவில் இடம் ஒதுக்காதீர்கள். காதல் நாயகனின் பலமாக இருந்து பலவீனமாக மாறும் காட்சி ஒன்று இருக்கும். உங்கள் கட்டுரையின் பாதியை அதற்கே கொடுக்கலாம். இங்கே அது மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி, ஏறத்தாழ 500 வரிகள் நீளமுள்ளது. தொடக்கத்தில் ஒதெல்லோ, டெஸ்டிமோனா போன திசையைப் பார்த்து, உன்னை நேசிக்காத நாளில் உலகமே மீண்டும் குழம்பிப்போகும் என்று சொல்கிறான். முடிவில் அவன் மண்டியிட்டுப் பழிவாங்கச் சூளுரைக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் இயாகோவும் மண்டியிட்டு, என்றென்றும் உன்னவன் என்கிறான். திருமணச் சடங்கின் சாயல் கொண்ட இந்தக் காட்சிப்படிமத்தைக் கவனியாமல் விடாதீர்கள். டெஸ்டிமோனா இருந்த இடத்தில் இப்போது இயாகோ இருக்கிறான்.

இந்த இரு முனைகளுக்கும் இடையில் நடப்பதை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். இயாகோ எதையும் நேராகச் சொல்வதில்லை. ஒதெல்லோவின் சொற்களையே திருப்பிச் சொல்கிறான். "நேர்மையா?" "நினைப்பதா?" என்று அவன் இழுக்க இழுக்க, ஒதெல்லோ அந்த மௌனத்துக்குள் தானே பொருளை இட்டு நிரப்புகிறான். பிறகு, பார்த்தபின்பே ஐயுறுவேன், ஐயுற்றால் மெய்ப்பிப்பேன், மெய்ப்பித்தால் காதலையோ பொறாமையையோ அந்தக் கணமே விட்டொழிப்பேன் என்று அறிவிக்கிறான். நியாயமாகத் தோன்றும் இந்தப் பேச்சில்தான் அம்பு நாணை விட்டுப் போகிறது என்பது என் கருத்து. போர்க்களத்தில் வேவுச் செய்தியை எடைபோட்டு அக்கணமே முடிவெடுக்கும் படைத்தலைவனின் முறையை, மனைவியின் மனத்தை அறிவதற்கும் அவன் கையாள்கிறான். அவளிடம் நேராகக் கேட்பது என்ற எளிய வழி அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் அவளிடம் கேள்வி கேட்கும் நேரத்தில் கேள்விகள் ஏற்கெனவே தீர்ப்புகளாக இறுகிவிட்டன.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டிய ஓரிடம் கைக்குட்டை விழும் இடம். விருந்துக்கு அழைக்க வரும் டெஸ்டிமோனாவிடம் தன் நெற்றி வலிப்பதாக ஒதெல்லோ சொல்கிறான். அவள் கைக்குட்டையால் அவன் தலையைக் கட்டப் போகிறாள். அது மிகச் சிறியது, விட்டுவிடு என்று அவன் அதைத் தள்ள, அது கீழே விழுகிறது. இருவரும் அதைப் பாராமல் வெளியேறுகிறார்கள், இயாகோவின் மனைவியும் டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணுமான எமிலியா எடுத்துக்கொள்கிறாள். அது அவனுடைய முதல் காதல் பரிசு. அவள் அதைத் தொலைத்துவிட்டாள் என்றுதான் பின்னர் அவன் அவளைக் குற்றம் சாட்டுகிறான்; தள்ளிவிட்ட கையோ அவனுடையது. அவள் தன் அன்பால் அவனைத் தேற்ற முனைந்த அதே நொடியில் அவளைக் கொல்லப்போகும் சான்று பிறக்கிறது. காதல் இங்கே எப்படிப் பிழையாகிறது என்று யாரேனும் ஒரே ஒரு இடத்தைக் காட்டச் சொன்னால், நான் இந்த இடத்தையே காட்டுவேன்.

அடுத்து வருவது, போர்க்குதிரைக்கும் எக்காளத்துக்கும் கொடிக்கும் அவன் விடைகொடுத்து, ஒதெல்லோவின் தொழில் முடிந்தது என்று சொல்லும் பேச்சு. மனைவி தவறியதாகவே வைத்துக்கொண்டாலும் படைத்தலைவனின் தொழில் ஏன் முடிய வேண்டும்? இந்தக் கேள்வியை உங்கள் கட்டுரையில் வெளிப்படையாகக் கேட்டு, விடையும் எழுதுங்கள். கறுத்த நிறத்தவனான அயலானை வெனிஸ் தன் தேவைக்காக வைத்திருந்தது. டெஸ்டிமோனா மட்டுமே அவனை அவனுக்காக ஏற்றுக்கொண்டாள். அவளுடைய காதல் பொய் என்றால் அவன் சொல்லிவந்த அவனுடைய கதையே பொய் என்று அவனுக்குப் படுகிறது. தன் நிறத்தையும் வயதையும் காரணமாக எண்ணி அவன் மருகும் வரிகள் இதே காட்சியில்தான் இருக்கின்றன. பொறாமை என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடைத்தால், அவன் இழந்தது எவ்வளவு என்பது தெரியாமலே போய்விடும்.

மூலக்கதை கிடைத்தால் ஒப்பிடுங்கள்

நாடக ஆசிரியர் காதலின் எடையைக் கூட்டியிருக்கிறாரா என்பதை அறிய, அவர் எடுத்தாண்ட மூலத்தோடு ஒப்பிடுவது போன்ற நல்ல வழி இல்லை. 'ஒதெல்லோ'வின் மூலம், இத்தாலியரான சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் உள்ளது. அங்கே இயாகோவின் இடத்தில் வரும் கொடிவீரன் தானே அந்தப் பெண்மீது ஆசைகொண்டு ஏமாந்தவன். மூரும் அவனும் சேர்ந்து, மணல் நிரப்பிய காலுறையால் அவளை அடித்துக் கொன்று, விபத்து என்று தோன்றும்படி கூரையை இடித்துத் தள்ளுகிறார்கள். மூர் சித்திரவதையிலும் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. பின்னர் அவளுடைய உறவினரால் கொல்லப்படுகிறான். ஷேக்ஸ்பியர் இதையெல்லாம் மாற்றி, ஒதெல்லோவைத் தனியாக விளக்கோடு அறைக்குள் அனுப்புகிறார். கொல்வதற்கு முன் முத்தமிடச் செய்கிறார். தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொள்ளச் செய்கிறார். மூலத்தில் இருந்தது மறைக்கப்பட்ட கொலை. நாடகத்தில் இருப்பது, காதல் தன்னையே நீதிமன்றமாக நினைத்துக்கொண்டு செய்யும் கொலை. இவள் இருந்தால் இன்னும் பல ஆண்களை ஏமாற்றுவாள் என்று அவன் காரணம் சொல்லிக்கொள்வது இந்த மாற்றத்துக்குப் பின்பே பொருள்படுகிறது.

அறிந்தே வீழ்பவர்கள்

எல்லாக் காதல் வீழ்ச்சிகளையும் ஒதெல்லோவின் அச்சில் வார்க்க வேண்டாம். ஒதெல்லோ அறியாமல் வீழ்கிறான். ஷேக்ஸ்பியரின் 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தின் நாயகனான உரோமத் தளபதி ஆண்டனி அறிந்தே வீழ்கிறான். இந்த எகிப்தியத் தளைகளை உடைக்காவிட்டால் மயக்கத்தில் என்னையே இழப்பேன் என்று அவன் முதல் அங்கத்திலேயே சொல்கிறான். தரையில் வலிமை மிக்கவன், தன் ஆட்கள் தடுத்தும் கடற்போரையே தேர்கிறான். என்னிடம் அறுபது கப்பல்கள் உள்ளன என்று கிளியோபாட்ரா பக்கத்தில் நிற்கிறாள். கி.மு. 31இல் நடந்த ஆக்டியம் போரில் அவளுடைய கப்பல்கள் திரும்பி ஓடியபோது, போரை விட்டுவிட்டு அவனும் பின்தொடர்கிறான். தோற்றபின், அவள் சிந்தும் ஒரு துளிக் கண்ணீர் வென்றதும் தோற்றதுமான அனைத்துக்கும் ஈடு என்கிறான். இத்தகைய நாயகனைப் பற்றி எழுதும்போது "எப்படி ஏமாந்தான்" என்று கேட்பதில் பயனில்லை. "எதை விட எதைப் பெரிதாக மதித்தான்" என்று கேட்க வேண்டும். உரோமின் அளவுகோலில் அவன் பிழைசெய்தவன். நாடகம் அந்த அளவுகோலை மட்டும் கையில் வைத்திருக்கவில்லை என்பதால், நீங்களும் இரண்டு அளவுகோல்களையும் சொல்ல வேண்டும்.

காதல் என்பது மனைவி அல்லது காதலிமேல் கொள்வதாகவே இருக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தின் நாயகனான கொரியோலேனஸ், உரோமை அழிக்கப் படையோடு வந்து நின்றவன், தாயின் வேண்டுதலுக்கு இணங்கிப் படையைத் திருப்புகிறான். அதற்கு முன் அவன் பேசாமல் அவளுடைய கையைப் பற்றிக்கொள்கிறான். அவன் செய்தவற்றில் மிகவும் மனிதத்தன்மையுள்ள செயல் அதுவே; அதற்காகவே அவன் உயிரை விடுகிறான்.

நாயகனின் சாட்சியத்தை அப்படியே ஏற்காதீர்கள்

அறிவோடு காதலிக்காமல், அளவு கடந்து காதலித்த ஒருவன் என்று என்னைப் பற்றி எழுதுங்கள் என்று ஒதெல்லோ இறுதியில் கேட்கிறான். மாணவர்கள் இதை மேற்கோளாக எழுதி முடித்துவிடுகிறார்கள். அது குற்றவாளி தன்னைப் பற்றிச் சொல்லும் சாட்சியம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1904இல் வெளிவந்த தம் நூலில் திறனாய்வாளர் ஏ.சி. பிராட்லி, ஒதெல்லோவின் சொல்லைப் பெரிதும் நம்பி, பொறாமை அவன் இயல்பிலேயே இல்லை என்று வாதிட்டார். 1937இல் மற்றொரு திறனாய்வாளரான எஃப்.ஆர். லீவிஸ் அதைக் கடுமையாக மறுத்து, இயாகோவின் வஞ்சகத்தைவிட, அதற்கு ஒதெல்லோ அத்தனை விரைவாக இணங்கியதே முக்கியம் என்றார். என் மனம் லீவிஸ் பக்கமே சற்றுச் சாய்கிறது. ஆயினும் பிராட்லி உணர்ந்த பெருமையை முழுக்கத் தள்ளிவிட்டால் அந்த நாயகனுக்காக இரங்குவதற்குக் காரணமே இல்லாமல் போகும். இரு கருத்துகளையும் அருகருகே வைத்து, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை வரிகளைச் சுட்டிச் சொல்லுங்கள்.

அப்போது டெஸ்டிமோனாவின் கடைசிச் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைச் செய்தது யார் என்று எமிலியா கேட்க, "யாருமில்லை, நானேதான்" என்று சொல்லி, தன் அன்புக் கணவனுக்குத் தன்னை நினைவூட்டும்படி கேட்டு இறக்கிறாள். அளவு கடந்து காதலித்தது யார் என்று கேட்டால், ஒதெல்லோ தனக்குச் சூட்டிக்கொண்ட அந்தப் பெயர் அவளுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. பெண்ணைக் கொன்றவனின் செயலைக் 'காதலின் மிகுதி' என்று எழுதுவது நம் செய்தித்தாள்களிலும் பேச்சிலும் இன்றும் இருக்கும் வழக்கம். அது எனக்குத் தாங்க முடியாத ஒன்று. இந்த நாடகம் அந்த வழக்கத்துக்குத் துணைபோவதில்லை. கொலையை அறிந்த எமிலியா முகத்துக்கு நேரே அவனை மூடன், மடையன் என்று சொல்கிறாள்; தன் உயிருக்கு அஞ்சாமல் உண்மையை உரத்துச் சொல்லி, கணவன் இயாகோவின் கத்தியால் சாகிறாள். காதல் நாயகனின் பிழையாக இருந்தது என்று காட்டுவது ஒன்று. காதல் என்பதால் அந்தப் பிழையை மன்னிப்பது வேறொன்று. உங்கள் வாக்கியங்களில் இந்த இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எமிலியாவின் குரலுக்குக் கட்டுரையில் ஒரு பத்தியாவது ஒதுக்கினால் இந்தக் கலப்படம் தானாகவே குறையும்.

முடிவை எழுதும்போது, ஒதெல்லோ இறந்துகொண்டே அவளை முத்தமிடும் இடத்தோடு நிறுத்திவிடத் தோன்றும். நாடகம் அங்கே நிற்பதில்லை. வெனிஸிலிருந்து வந்த லொடோவிக்கோ, இந்தக் கட்டிலின் பாரத்தைப் பார் என்று இயாகோவிடம் சொல்லி, கண்ணுக்கு நஞ்சான அந்தக் காட்சியை மூடும்படி ஆணையிடுகிறான். எமிலியா சாகும்போது தன்னைத் தலைவியின் பக்கத்தில் கிடத்தும்படி கேட்டிருந்தாள். அந்த வேண்டுகோள் நிறைவேற்றப்பட்டிருந்தால், திரை மூடும்போது அந்தக் கட்டிலில் கிடப்பவர்கள் மூன்று பேர். கடைசிப் பத்தியை எழுதத் தொடங்குவதற்கு முன் அந்த மூவரையும் எண்ணிக்கொண்டு எழுதுங்கள்.